வெரேசவாவைத் தைத்தவள்

அரியாத்னா வெரேசவாவின் முதுகு பெலகேயா சவ்விஷ்னாவுக்குத் தெரிந்த அளவுக்கு அந்த அம்மாளின் இரண்டு புருஷன்மாருக்கும் தெரிந்திருக்காது. முகம் லெனின்கிராடு நகரத்துக்கே தெரியும். மிட்டாய்ப் பெட்டி மூடியில் இருந்தது, செய்தித்தாளில் இருந்தது, டிராம் நிறுத்தத்துச் சுவரொட்டியில் மழையில் நனைந்துகொண்டு இருந்தது. முதுகு மட்டும் பெலகேயாவுடையது. இடது தோள்பட்டைக்குக் கீழே ஒரு மச்சம், முதுகெலும்பு இடுப்பருகே வலப்பக்கம் லேசாகச் சாய்வது, பயம் வந்தால் விலா ஓரமெல்லாம் திட்டுத் திட்டாகச் சிவப்பது, எல்லாம் அவளுக்கு மனப்பாடம். இதெல்லாம் தெரிந்து அவளுக்கு என்ன லாபம் என்று கேட்டால், தலைவலிதான்.

பெலகேயா நாடகசாலையில் ஆட்டக்காரிகளுக்கு உடை உடுத்திவிடுகிறவள். பாலே ஆடுகிறவளின் மேல்கச்சைக் கொக்கியை நம்பி விட முடியாது. தூக்கிப் பிடிக்கும்போது ஒரு கொக்கி தெறித்தால் மானமும் சேர்ந்து தெறிக்கும். அதனால் ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும் ஆளை நிறுத்தி வைத்து, கச்சை முதுகுப் பக்கம் ஊசி நூலால் தைத்துவிடுவார்கள். ஆட்டம் முடிந்ததும் தையலை வெட்டி ஆளை வெளியே எடுப்பார்கள். அதுதான் பெலகேயாவின் பிழைப்பு. தைப்பது, வெட்டுவது, மறுபடி தைப்பது.

ஆள்மேல் வைத்துத் துணி தைத்தால் நினைவும் சேர்ந்து தைபட்டுப் போகும் என்பது அந்த ஊர்க்காரர்களுக்குத் தாய்ப்பாலோடு வந்த நம்பிக்கை. அதற்கு மாற்று, தைபடுகிறவள் வாயில் ஒரு நூலைக் கடித்துக்கொள்ள வேண்டும். தையல் முடிகிறவரை விடக்கூடாது. மற்றவர்களுக்கு நினைவு போனால் கடையில் வெங்காயம் வாங்க மறப்பார்கள். ஆட்டக்காரிக்கு நினைவு போனால் இரண்டாயிரம் பேர் முன்னால் நட்டநடு மேடையில் நிற்பாள். ஆகவே அந்தக் கட்டடத்தில் கட்சி உறுப்பினர், கடவுளை நம்பாதவர், பல்கலைக்கழகத்தில் படித்தவர் எல்லோரும் நூலைக் கடித்தார்கள். பெலகேயா முழு மனதோடு நம்பினாள். ஊசியில் நூல் கோப்பதற்கு முன்னாலேயே வாய்க்கு ஒரு நூலை நீட்டிவிடுவாள். இருபத்தெட்டு வருஷத்தில் ஒருநாளும் தவறியதில்லை.

அரியாத்னா முதல்முதலில் அவள் கைக்கு வந்தது ஐம்பத்தைந்தாம் வருஷம். பாலே பள்ளியில் இருந்து அப்போதுதான் தேறி வந்த பதினெட்டு வயசுப் பெண். கழுத்தும் கண்ணும் தவிர உடம்பில் வேறு ஒன்றும் இல்லை. கூட்டத்தில் பதினாறு பேரில் ஒருத்தியாக ஆடவேண்டியவள். தைத்து முடித்து நூலைக் கேட்டால் வாயில் நூல் இல்லை.

"எங்க நூலு?"

"முழுங்கிட்டேன்."

"எதுக்கு முழுங்கின?"

"பயத்துல. செத்துருவேனா?"

"இன்னிக்கு சாக மாட்ட. இன்னிக்கு ஆடணும்," என்று சொல்லி, தன் பைக்குள் இருந்த கறுப்பு ரொட்டித் துண்டை அவள் வாயில் திணித்து அனுப்பினாள் பெலகேயா. அந்த ஒரு துண்டு ரொட்டிக்குத்தான் இத்தனை வருஷமும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன் என்று பின்னால் தன் புருஷனிடம் அலுத்துக்கொள்வாள். ஏனென்றால் மறுநாளிலிருந்து அந்தப் பெண் வேறு யார் கையிலும் முதுகைக் கொடுக்க மறுத்துவிட்டாள்.

நான்கு வருஷத்தில் அவள் முதல் ஆட்டக்காரி ஆனாள். பத்து வருஷத்தில் பட்டம், பதக்கம், நெவா ஆறு தெரிகிற மாதிரி வீடு. ஆட்டத்தைப் பற்றிப் பெலகேயாவிடம் கேட்டுப் பயனில்லை. பக்கத்திரை இடுக்கில் நின்று அவள் பார்த்தது எல்லாம் தையல் தாங்குகிறதா என்றுதான். ஆனாலும் "ஏரி மணப்பெண்" ஆட்டத்தில் மூன்றாம் அங்கத்தில், அரியாத்னா ஒற்றைக் கால் நுனியில் முப்பத்திரண்டு தடவை சுழலும்போது மட்டும் தையலை மறந்துவிடுவாள். உதட்டுக்குள்ளேயே எண்ணுவாள். முப்பத்திரண்டு வந்ததும் சிலுவைக்குறி போட்டுக்கொள்வாள், யாரும் பார்க்காத மாதிரி.

மேடையை விட்டு இறங்கினால் அந்த அம்மாளைப் போல ஒரு தொல்லை கிடையாது. பதினொரு ஜோடி செருப்பைத் தட்டி, வளைத்து, கதவு இடுக்கில் வைத்து நசுக்கிப் பார்த்துவிட்டு, முதலில் வேண்டாம் என்று எறிந்த ஜோடியையே போட்டுக்கொள்வாள். காதல் காட்சிக்கு முன்னால் உப்பு மீன் தின்பாள். கூட ஆடுகிறவன் முகத்தைத் திருப்பினால், "அவனுக்குக் கலை தெரியல," என்பாள். பாரிசுக்கு ஆடப் போனபோது, "நல்ல ஊசியா ஒரு பொட்டலம் வாங்கிட்டு வாங்க," என்று பெலகேயா சொல்லி அனுப்பினாள். இறகு வைத்த தொப்பி வந்தது. அதைப் போட்டுக்கொண்டு டிராமில் ஏற முடியாது, பின்னால் நிற்பவன் கண்ணைக் குத்தும். அடுத்த தடவை ரோமுக்குப் போனாள். மறுபடியும் ஊசி சொல்லி அனுப்பினாள் பெலகேயா. மாதா படம் போட்ட விசிறி வந்தது. வருஷத்தில் பாதி நாள் பனி கொட்டுகிற ஊரில் விசிறியை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது?

முதல் புருஷனோடு சண்டை என்றால் இரவு உடுப்போடு பெலகேயாவின் ஒற்றை அறைக்கு வந்துவிடுவாள். ஐந்து குடும்பத்துக்கு ஒரே சமையலறை உள்ள வீடு அது. நாட்டின் புகழ்பெற்ற ஆட்டக்காரி அங்கே வரிசையில் நின்று முகம் கழுவுவாள், பெலகேயா தரையில் படுப்பாள், அவள் புருஷன் புரோகோர் தாழ்வாரத்தில் நாற்காலியில் தூங்குவான். காலையில் கம்பங்கூழ் மாதிரி கொழகொழவென்று கிண்டிய கோதுமைக் கஞ்சியைத் தின்றுவிட்டு, "இதுல வெண்ணெய் பத்தல," என்று சொல்லிவிட்டுப் போவாள். ஓய்வு பெறுகிறேன் என்று மூன்று தடவை அறிவித்தாள். மூன்று தடவையும் அழுகை, பூங்கொத்து, கட்டிப்பிடித்தல். மூன்று தடவையும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பயிற்சிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அந்தம்மா உன்கிட்ட ஒரு தடவையாச்சும் மன்னிப்பு கேட்டிருக்கா?" என்றான் புரோகோர் ஒருநாள்.

"ஒரு தடவ. டோக்கியோவுலேருந்து தந்தி அடிச்சா. எதுக்குன்னு எழுத மறந்துட்டா."

எழுபத்தெட்டாம் வருஷம் அரியாத்னாவுக்கு நாற்பத்தொன்று. இருபது வருஷம் ஆடினால் ஓய்வூதியம் என்பது அவர்கள் தொழிலில் சட்டம். அதற்கு மேல் ஆட வேண்டுமானால் ஆண்டுக்கு ஒருமுறை, பிப்ரவரியில், நாடகசாலைக் குழு உட்கார்ந்து சரி என்று சொல்ல வேண்டும். செப்டம்பரில் இருந்து இடது முட்டி வீங்கிக்கொண்டிருந்தது. மருத்துவரிடம் காட்டினால் குழுவுக்குத் தெரிந்துவிடும் என்று காட்டவில்லை. தினமும் ஒத்திகை முடிந்ததும் அறைக் கதவைத் தாழ்போட்டு, பெலகேயா முட்டைக்கோஸ் இலையைத் தட்டி அந்த முட்டியில் வைத்துக் கட்டினாள். உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரிந்த முட்டி அது.

"இத வச்சுகிட்டு முப்பத்திரண்டு சுத்தணுமா? டாக்டர்கிட்ட போங்க."

"நீ கட்டு. வாய மூடிட்டுக் கட்டு."

கட்டினாள்.

நவம்பர் கடைசியில் "ஏரி மணப்பெண்." இரண்டாம் அங்கம் முடிந்து இடைவேளை. வெள்ளை உடையைக் கழற்றிப் பொன் உடையை மாட்டி, நூலை நீட்டினாள் பெலகேயா. அரியாத்னா கடித்துக்கொண்டாள். பன்னிரண்டு தையல். முடிந்ததும் பெலகேயா நூலை வாங்கித் தன் வேலை அங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். அறையில் அவர்கள் இருவரைத் தவிர வேறு யாரும் இல்லை. முதல் ஆட்டக்காரிக்குத் தனி அறை, அதுதான் வினையாகப் போயிற்று.

மூன்றாம் அங்கத்தில் சுழற்சி தொடங்கியது. பக்கத்திரை ஓரத்தில் பெலகேயா எண்ணினாள். பதினேழில் முட்டி உள்ளே வாங்கியது. பதினெட்டில் குதிகால் தொட்டுத் தூக்கியது. பத்தொன்பதோடு அரியாத்னா நின்றுவிட்டாள். பார்க்கிறவர்களுக்கு அது நின்ற மாதிரியே தெரியவில்லை. கையை நெற்றிக்குக் கொண்டுபோய், எதையோ மறந்துவிட்டுத் தேடுகிறவள் மாதிரி மேடையை ஒரு சுற்று மெதுவாக நடந்து, பிறகு மீதியை வேறு மாதிரி ஆடி முடித்தாள். வாத்தியக் குழு தடுமாறி, பின்னாலேயே ஓடிவந்து சேர்ந்துகொண்டது. கைதட்டல் வந்தது, ஆனால் கொஞ்சம் தாமதமாக வந்தது.

திரை விழுந்ததும் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று ஒரே கேள்வி. பெலகேயா ஒரு கையில் தண்ணீரும் மறு கையில் சால்வையுமாக நின்றாள்.

"மறந்துட்டேன்," என்றாள் அரியாத்னா. "ஒரேடியா மறந்து போச்சு. பெலகேயா நூல் குடுக்காம தச்சுட்டா."

இருபது பேர் திரும்பிப் பார்த்தார்கள். பெலகேயா அரியாத்னாவைப் பார்த்தாள். அரியாத்னா செருப்பு நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

முடியவில்லை என்று சொல்ல அந்த அம்மாளுக்கு வாய் வரவில்லை. மறந்துவிட்டது என்றால் யாருக்கும் நேரக்கூடியது, அதிலும் பிறத்தியார் தப்பால் நேர்ந்தது. முட்டி போய்விட்டது என்றால் அது பிப்ரவரிக் குழு. இது பெலகேயாவுக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. புரிந்ததுதான் பெரிய எரிச்சல். புரியாமல் இருந்திருந்தால் அங்கேயே நாலு வார்த்தை கத்தியிருப்பாள்.

மறுநாள் உடைப் பகுதித் தலைவி நினெல் அர்கிப்போவ்னா கூப்பிட்டு அனுப்பினாள். மார்பில் கட்சிச் சின்னம் குத்திய, கறாரான பெண்.

"பெலகேயா சவ்விஷ்னா, நான் இந்த மாதிரி கிழவிப் பேச்சையெல்லாம் நம்பறவ இல்ல. அறிவியலுக்கு ஒத்துவராத விஷயம்."

"சரி."

"ஆனா நூல் ஏன் குடுக்கல?"

"குடுத்தேன்."

"அப்ப அவங்க பொய் சொல்றாங்களா?"

ஆமாம் என்றால் அடுத்த கேள்வி, பின்னே ஏன் நின்றார்கள் என்பதுதான். அதற்குப் பதில் ஒரு முட்டி. சொன்னால் அரியாத்னாவின் கதை முடிந்தது. சொல்லாவிட்டால் தன் கதை முடிந்தது. பெலகேயா வாயை மூடிக்கொண்டு நின்றாள். நினெல் அதைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டாள்.

அதற்கு மேல் யாரும் தண்டனை கொடுக்கத் தேவையில்லாமல் போயிற்று. அன்று மாலையே கூட்டத்தில் ஆடும் பெண்கள் அவள் ஊசியைப் பார்த்ததும் ஒரு அடி பின்னால் போனார்கள். தாஸ்யா என்று ஒரு பெண், இருபத்திரண்டு வயது, பெலகேயா மடியில் தலைவைத்து அழுதிருக்கிறவள், அவளைச் செல்லமாகப் போல்யா என்று கூப்பிடுகிறவள், அவளே கையைப் பிசைந்தாள்.

"போல்யா அத்தே, கோவிச்சுக்காதீங்க. எனக்கு நம்பிக்கை இல்ல, சத்தியமா இல்ல. ஆனா இன்னிக்கு எனக்குத் தனி ஆட்டம் இருக்கு. நினெல் தைக்கட்டுமே."

"தைக்கட்டும் தைக்கட்டும். நல்லா இறுக்கித் தைப்பா. மூச்சு விட மறந்துட்டீன்னா அதுக்கும் என்னையே சொல்லு."

ஒரு வாரத்தில் அவளைத் தரைத்தளத்து இஸ்திரி அறைக்கு மாற்றிவிட்டார்கள். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம். நாற்பத்தெட்டுக் காலுறை, நாற்பத்தெட்டுப் பாவாடை, நீராவி, நனைந்த சுவர். இருபத்தெட்டு வருஷம் ஊசி பிடித்த விரல் இஸ்திரிப்பெட்டிப் பிடியில் காய்த்துப் போயிற்று. அதுகூடப் பரவாயில்லை. கேன்டீனில் அவள் உட்கார்ந்த மேஜைக்கு வரும் பெண்கள் தலைமுடியைப் பின்னுக்குத் தள்ளிக்கொள்வதுபோல் முதுகை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை. நூல் கொடுக்க மறந்தவள். தன்னைப் பற்றி வேறு எதைச் சொல்லியிருந்தாலும் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். திருடி என்றால்கூட.

"போய் அந்தம்மா முன்னாடி நின்னு கேளு," என்றான் புரோகோர். "ஏன் இப்படிப் பண்ணினீங்கன்னு கேளு."

"கேக்க மாட்டேன்."

"அப்ப குழுவுக்கு எழுதிப் போடு. முட்டின்னு ஒரு வார்த்தை."

"எழுத மாட்டேன்."

"அப்ப வீட்டுல வந்து பாத்திரத்த உருட்டாத."

"அதுவும் என் இஷ்டம்," என்று சொல்லி இன்னொரு பாத்திரத்தை உருட்டினாள்.

அரியாத்னா என்ன செய்தாள்? முதல் வாரம் தாஸ்யாவிடம் ஒரு முட்டைக்கோஸ் பணியாரம் கொடுத்தனுப்பினாள். முட்டைக்கோஸ். பெலகேயா அதை நீராவிக் குழாய்மேல் வைத்துவிட்டாள், அது அங்கேயே காய்ந்தது. இரண்டாம் வாரம் ஆரஞ்சுப் பழம் ஆறு வந்தது. ஊரில் ஆரஞ்சுக்குத் தெருக்கோடி வரை வரிசை நிற்கிற டிசம்பரில், ஆறு. பெலகேயா அதைக் கொதிகலன்காரனுக்குக் கொடுத்தாள். நான்காம் வாரம் மாடிப்படியில் நேருக்கு நேர் முட்டிக்கொண்டார்கள். ஒதுங்க இடமில்லை.

"பெலகேயா. இளைச்சுப் போயிட்ட."

"நீராவி."

"நினெல் ஊசியால குத்தறா. ரெண்டு எடத்துல ரத்தம்."

இருபத்துமூன்று வருஷம் கூட இருந்தவளை இஸ்திரிப் பெட்டியோடு கட்டிப்போட்டுவிட்டு, அவளிடமே வந்து ஊசி குத்துகிறது என்று முறையிட ஒரு பிறவியால் முடியும் என்றால் அது இந்தப் பிறவிதான். கேட்க வேண்டியதைக் கேட்காமலே பெலகேயா துணிக் கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனாள். முதுகுக்குப் பின்னால் அரியாத்னா நகராமல் நின்றது அவளுக்குத் தெரிந்தது. காலடிச் சத்தம் வரவில்லை.

ஜனவரி பதினேழாம் தேதி மறுபடியும் "ஏரி மணப்பெண்." மாலை ஆறு மணிக்கு நாற்பத்தெட்டுப் பாவாடையையும் தூக்கிக்கொண்டு பெண்களின் பொது ஒப்பனை அறைக்குப் போனாள் பெலகேயா. அங்கே, தன் தனி அறையை விட்டுவிட்டு, நடு அறையில் வெள்ளை உடையோடு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள் அரியாத்னா. சுற்றிலும் பெண்கள். ஒரு ஓரத்தில் நினெல், கையில் ஊசியோடு, முகத்தில் கடுப்போடு.

"பெலகேயா தைக்கட்டும்," என்றாள் அரியாத்னா.

பெலகேயா கூடையை இறக்கினாள். எத்தனையோ நாள் மனதுக்குள் ஒத்திகை பார்த்த வசவெல்லாம் இருந்தது, அந்த முதுகைப் பார்த்ததும் ஒன்றும் வரவில்லை. நினெல் தைத்த இடமெல்லாம் கன்றிப் போயிருந்தது. ஊசியை வாங்கினாள். பழக்கத்தில் நூலைக் கிள்ளி, தோளுக்கு மேலாக நீட்டினாள்.

"வேண்டாம்," என்றாள் அரியாத்னா. "நூலில்லாம தை."

பெலகேயா நூலை இன்னும் கிட்டே நீட்டினாள்.

"கடிங்க."

"கடிக்க மாட்டேன். எல்லாரும் பாக்கட்டும். தை."

"உசிரோட இருக்கற ஆள்மேல நூலில்லாம நான் ஊசி வெக்க மாட்டேன். இருபத்தெட்டு வருஷத்துல வெச்சதில்ல. நீங்க என்ன வேணா சொல்லிட்டுப் போங்க, வெச்சதில்ல."

"தெரியும்."

அந்த ஒரு சொல்லைச் சத்தமாகவே சொன்னாள். தாஸ்யா கையில் இருந்த சீப்பு அப்படியே நின்றது. பெலகேயா மட்டும் அதைக் கவனிக்கவில்லை. அவளுக்கு இருந்த கவலை வேறு. நூலில்லாமல் தைத்து, இந்தப் பைத்தியம் நிஜமாகவே எல்லாவற்றையும் மறந்துபோய் மேடையில் நின்றால்? மணி அடித்தது. அரியாத்னா அசையவில்லை. திரை தூக்க ஏழு நிமிஷம்.

"தை, பெலகேயா. கெஞ்சிக் கேக்கறேன்."

கெஞ்சி என்ற சொல் அந்த வாயில் இருந்து வந்து அவள் கேட்டதில்லை. தைத்தாள். ஒவ்வொரு குத்துக்கும் உள்ளே திட்டினாள், திட்டோடு திட்டாக ஜெபமும் சொன்னாள். விலா ஓரத்தில் திட்டுத் திட்டாகச் சிவந்திருந்தது. அரியாத்னாவுக்கும் பயம்தான். அவளும் நம்புகிறவள்தானே. வாயை இறுக்கி மூடிக்கொண்டு, கடிக்க எதுவும் இல்லாமல் நின்றாள்.

இடைவேளையில் பொன் உடைக்கும் அதே பிடிவாதம். அதையும் நூலில்லாமல்தான் தைத்தாள்.

முதல் அங்கத்தில் ஒரு அடி தவறவில்லை. இரண்டாம் அங்கத்திலும் இல்லை. இவ்வளவு சுத்தமாக அவள் ஆடிப் பத்து வருஷம் இருக்கும் என்று பக்கத்திரையில் யாரோ சொன்னார்கள். பெண்கள் எல்லோரும் அங்கே குவிந்திருந்தார்கள், நினெல் உட்பட. மூன்றாம் அங்கத்தில் சுழற்சி தொடங்கியது. பெலகேயா எண்ணினாள். பக்கத்தில் தாஸ்யாவும் எண்ணினாள், சத்தமாகவே. பதினாறு. பதினேழில் முட்டி உள்ளே வாங்கியது, இந்தத் தடவை எல்லோரும் பார்த்தார்கள். பத்தொன்பது வந்ததும் அரியாத்னா நின்றாள். கையை நெற்றிக்குக் கொண்டுபோகவில்லை. எதையும் தேடுகிற மாதிரி நடிக்கவில்லை. இரண்டு காலையும் தரையில் ஊன்றி, கையைத் தொங்கப்போட்டு, மூச்சு வாங்க, இசை பதின்மூன்று சுற்றும் தனியாகப் போய் முடிகிறவரை அரங்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மிச்ச ஆட்டத்தை ஆடி முடித்தாள்.

திரை விழுந்தது. இந்தத் தடவை யாரும் என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. நேராக நினெலிடம் நொண்டிக்கொண்டு வந்தாள்.

"மறக்கல. பார்த்தல்ல? நவம்பர்லயும் மறக்கல. முட்டி பத்தொம்பதுக்கு மேல தாங்கல. நூல் குடுத்தா. எப்பவும் குடுப்பா."

சொல்லிவிட்டுப் பெலகேயாவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள், தையலை வெட்டச் சொல்லி. வெட்டினாள்.

மறுநாள் காலை இஸ்திரி அறை வாசலில் தாஸ்யா நின்றாள். முதுகைத் திருப்பிக்கொண்டு, வாயில் ஏற்கனவே நூலைக் கடித்துக்கொண்டு. அவள் பின்னால் இன்னும் நாலு பெண்கள். நினெல் வந்து, அறிவியலுக்கு ஒத்துவராத விஷயத்தில் தான் எப்போதுமே தலையிட்டதில்லை என்று சொல்லிவிட்டு, ஊசிப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தாள். பெலகேயா சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அரை நாள் பட்டாள். மதியம் அறிவிப்புப் பலகையில் காகிதம் ஒட்டினார்கள். பிப்ரவரி வரைகூடக் குழு காத்திருக்கவில்லை. "ஏரி மணப்பெண்" இனி தாஸ்யா. அரியாத்னா வெரேசவா நாடகசாலைப் பணியில் இருந்து விடைபெறுகிறார்.

பெலகேயா மேலங்கியைப் பொத்தான்கூடப் போடாமல் மாட்டிக்கொண்டு டிராம் ஏறினாள். நெவா உறைந்து கிடந்தது. அரியாத்னாவே கதவைத் திறந்தாள், வீட்டுச் செருப்போடு, முட்டியில் துண்டைக் கட்டிக்கொண்டு. தானே கட்டியிருக்கிறாள், கோணலாக.

"உள்ள வா. குளிர் வருது."

"நாப்பத்தொரு வயசுல மூளை இல்லையா உங்களுக்கு?" பெலகேயா வாசலிலேயே தொடங்கிவிட்டாள். "கேன்டீன்ல வெச்சு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். போல்யா நூல் குடுத்தா, எனக்குத்தான் அன்னிக்குத் தல சுத்திச்சுன்னு. எதையாவது. புளுகத் தெரியாதவங்களா நீங்க? ரெண்டாயிரம் பேர் முன்னாடி மரம் மாதிரி நிக்கணுமா? முட்டிய ஊருக்கே காட்டணுமா? இன்னும் ஒரு வருஷம் ஓட்டியிருக்கலாம். சின்னச் சின்ன வேஷம் குடுத்திருப்பாங்க. யாரு கேட்டா உங்கள இதெல்லாம்?"

"நீதான்."

"நானா? நான் ஒரு வார்த்தை கேக்கல. ஏழு வாரம் வாயே தொறக்கல."

"ஆமா," என்றாள் அரியாத்னா. "நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தீன்னா உன்னோட சண்ட போட்டு ஜெயிச்சிருப்பேன்."

பெலகேயா அந்த முட்டியைப் பார்த்தாள். கட்டு அவிழ்ந்துகொண்டிருந்தது. திட்டுவதற்கு இன்னும் எவ்வளவோ பாக்கி இருந்தது. ஆனால் அழுகை முந்திக்கொண்டது, அதுவும் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.